நாலாவது நகல்

1950களில் நான் ஓசூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். வெளிநாட்டு இயந்திரம் வாங்க டெல்லி வர்த்தக அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். அதற்கான விண்ணப்பங்களைச் சரிபார்த்து மேலே அனுப்புவது என் வேலை.

ராயக்கோட்டையில் சின்னப் பட்டறை வைத்திருந்த முனியப்பா, ஒரு லேத் இயந்திரத்துக்காக விண்ணப்பத்தோடு வந்தார். அன்றுதான் கடைசி நாள்.

"இது டெல்லிக்கு, இது சென்னைக்கு, இது சேலத்துக்கு. இன்னொரு நகல் எங்கே?" என்றேன்.

"அது யாருக்குங்க சார்?"

எனக்கே தெரியாது. தெரியாததை மறைக்கத்தான் கோபம் வந்தது. "நாலுன்னா நாலு!" என்று காகிதங்களைத் தள்ளிவிட்டேன். தட்டச்சு இயந்திரம் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, கையாலேயே எழுதிக்கொண்டு வந்தார். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. வாங்க மறுத்தேன். "சரிங்க சார்" என்று போய்விட்டார்.

அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம் ஆகும். அதற்குள், அந்த இயந்திரம் இல்லாமல் சமாளிக்க முடியாமல் பட்டறையை மூடிவிட்டு, பெங்களூரில் கூலி வேலைக்குப் போய்விட்டார்.

பிறகொரு நாள் விதிப் புத்தகத்தைப் படித்தேன். நாலாவது நகல் எங்கள் அலுவலகக் கோப்புக்கு மட்டும்தான்.

பெங்களூருக்குப் போய் அவரைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"உங்களுக்குத்தானா சார்? மறுநாளே கொண்டாந்து குடுத்திருப்பனே" என்றார்.

டெல்லி மறுத்திருந்தால்கூட அவருக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். அந்த விண்ணப்பம் என் மேசையையே தாண்டவில்லை.