சுறா எண்ணெய் பூசிய அம்பாசிடர்

சிவனணைந்தபெருமாள் வாடகைக்கு ஓட்டிய அம்பாசிடரில் ஒரு கீறல் பார்க்க முடியாது. தினமும் துடைத்து, மெழுகு தேய்த்து, மனைவி செண்பகத்தின் நல்ல போர்வையை எடுத்து அதற்குப் போர்த்திவிடுவார். அடியில் என்ன நடக்கிறதென்று மட்டும் குனிந்து பார்த்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் ஒருநாள், துறைமுகத்துக்குச் சவாரி வந்த கிளியரிங் ஏஜெண்டின் கால் வண்டித் தரையைப் பொத்துக்கொண்டு ரோட்டில் உரசியபோதுதான் தெரிந்தது. உப்பு லாரிகள் சிந்திய தண்ணீரும் கடல்காற்றும் தகரத்தை அப்பளமாக்கியிருந்தன. மீதித் தூரத்தை ஏஜெண்ட் சீட்டில் சம்மணம் போட்டுக் கடந்தார்.

புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தாயிற்று. அதுவும் துருப்பிடிக்கக் கூடாதே. தோணி கட்டும் ஆசாரி ஒருவரிடம் பெருமாள் யோசனை கேட்டார்.

"மரத்துக்கு நாங்க சுறா எண்ணெய் அடிக்கோம். தகரத்துக்கு எப்படின்னு தெரியாது, அண்ணாச்சி."

முதல் பாதியைக் கேட்டதுமே பெருமாள் எண்ணெய் வாங்கப் புறப்பட்டுவிட்டார்.

அடிப்பக்கம் முழுக்கப் பூசினார். துரு நின்றது. சவாரியும் நின்றது. தெருப் பூனைகள் வண்டிக்கடியில் குடிவந்தன.

"வண்டியக் காப்பாத்திட்டிய. அதுல யாரு ஏறுவா?" என்றாள் செண்பகம்.

"காத்துல வாடை போயிரும்ளா."

போகவில்லை. இதற்கிடையில், மீன் சமைக்காத ஒரு வீட்டார் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் பேசினார்கள். அவர்கள் சார்பில் வண்டியை வந்து பார்த்த மாமாவுக்குக் கடும் ஜலதோஷம். பளபளப்பைப் பார்த்தே முடித்துவிட்டார். முன்னால் நாதஸ்வரம், நடுவில் கார், பின்னால் பூனைகள். முதல் முக்கிலேயே மாப்பிள்ளை, "காலு மரத்துப்போச்சு" என்று மரியாதையாகச் சொல்லி இறங்கி நடந்தார். வண்டியைத் திருப்ப இடமில்லை. மாலை போட்ட காலிக் காரைப் பெருமாள் மண்டபம் வரை ஓட்டிப்போனார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் எண்ணெயைச் சுரண்டிவிடும் முடிவோடு வண்டிக்கடியில் படுத்தார். தகரம் அன்று வாங்கியதுபோல் இருந்தது. கை வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே கிடந்துவிட்டு வெளியே வந்தார்.

அந்த வாரம் இறால் வியாபாரி மரியான் தேடி வந்தார்.

"எங் கூடைய எந்த டாக்ஸிக்காரனும் ஏத்த மாட்டேங்கான்."

"ஏறுங்க அண்ணாச்சி."

மரியான் ஏறி உட்கார்ந்து மூச்சை இழுத்துவிட்டார்.

"பரவால்லியே, உம்ம வண்டியில ஒரு வாடையும் இல்ல."

அன்றிலிருந்து அது மரியானின் வண்டியாகவே ஆகிப்போனது. கூடைகளிலிருந்து உப்புத் தண்ணீர் உள்ளே வடிந்தது. பெருமாள் உள்பக்கமும் ஒரு பூச்சு அடித்தார்.