அப்பாவின் அகலம்

அப்பாவுக்குத் தனியாக ஒரு போட்டோ கிடையாது. அக்காவின் கல்யாண வீடியோவில் மாதா கோயில் வாசலில் நிற்பார். அதிலிருந்து ஒரு ஸ்டில் எடுத்து, ஃபிரேம் போட்டு, கல்லறைத் திருநாளன்று அவர் சமாதியில் வைத்தேன்.

"அவரு இவ்ளோ ஒல்லி இல்லடா" என்றாள் அம்மா.

"உனக்கு மறந்துபோச்சு. பேசாம மெழுகுவத்திய ஏத்து" என்று சிடுசிடுத்தேன். வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு, அந்தத் திமிர்.

அடுத்த வருடம் அதைப் பெரிதாக்க உட்கார்ந்தேன். அப்பாவின் தலைக்கு மேலே கோயில் கடிகாரம் வட்டமாக இல்லாமல் முட்டை மாதிரி நீண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்து டேப் அகலமான படத்தைப் பக்கவாட்டில் நெருக்கித்தான் பதிந்து வைக்கும். டிவி தானே விரித்துக் காட்டிவிடும். ஸ்டில் எடுத்தால் நாம்தான் விரிக்க வேண்டும். எத்தனை கல்யாண வீடியோ வெட்டியிருக்கிறேன், சொந்த அப்பாவிடம் கோட்டை விட்டிருந்தேன்.

கடிகாரம் வட்டமாகும்வரை அகலத்தைக் கூட்டினேன். கூடவே தோள் விரிந்தது, கன்னம் நிறைந்தது, அப்பா வந்து நின்றார்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையில் அவர் மார்பைத் தடவினாள்.

"இந்தச் சட்ட பத்தலன்னு அன்னிக்குக் காலைல நான்தான்டா தையலப் பிரிச்சு உட்டேன்."