கொசுவுக்கு எதிராக நாற்பது தொட்டிகள்

அந்த அடுக்குமாடியில் அவளுக்குப் பெயர் ‘இலைக்காரம்மா’. ஐந்தாவது மாடி ஆசிரியை வைத்த பெயர். எதிரில் வருகிறவர் கையில் ஓர் இலையைத் திணித்து, “கசக்கி மோந்து பாருங்க” என்று சொல்லாமல் அவள் யாரையும் விட்டதில்லை. அவசரமாக வேலைக்கு ஓடுகிறவர்கள்கூட மோந்துவிட்டுத்தான் ஓட வேண்டும்.

கட்டடத்துக்குப் பின்னால் கழிவுநீர்க் கால்வாய். மாலை ஐந்தரை ஆனால் போதும், வாடகை கொடுத்துக் குடியிருப்பவை போல உரிமையோடு உள்ளே வரும் கொசுக்கள். தோட்டவேலைக்குச் சேர்ந்த ஆண்டிலேயே அவள் ஆறு மாடி வராந்தாவிலும் தொட்டிகளை வரிசையாக வைத்தாள். எலுமிச்சைப் புல், செண்டுமல்லி, புதினா, ரோஸ்மேரி என்று மொத்தம் நாற்பது. குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. ‘கொசு இல்லாக் குடியிருப்பு’ என்று வாசலில் பலகையே மாட்டிவிட்டார்.

“சார், செடி சும்மா நின்னா கொசு பயந்து ஓடிடாது. இலையைத் தடவி விட்டாத்தான் வாசனை கிளம்பும். அது இருக்குற வரைக்கும் கிட்ட வராது, அவ்வளவுதான்” என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பலகை எழுதியாகிவிட்டது, இனி உண்மையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அந்தப் பலகையைப் பொய்யாக்காமல் காப்பாற்றியது அவளுடைய இரண்டு கைகள்தான். தினமும் ஐந்து மணிக்கு ஆறாவது மாடியில் தொடங்கி, ஒவ்வொரு செடியையும் உள்ளங்கையால் நீவிக்கொண்டே இறங்குவாள். அவள் கடந்து போன வராந்தாவில் ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். அதைப் பார்ப்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

தரை கறைபடுகிறது என்று செயலாளர் தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைக்கச் சொன்னார். தட்டில் தண்ணீர் நிற்கும். கொசுவை விரட்டும் செடிக்கு அடியிலேயே கொசுவுக்குப் பிரசவ அறை! அவள் விடவில்லை. நாற்பது தட்டிலும் விளிம்பு வரை மணலை நிரப்பினாள். வழிகிற தண்ணீரை மணல் குடித்துவிடும், முட்டையிட இடம் இருக்காது.

அதே கட்டடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை அவள் தங்கைக்கு. அம்மா போனபோது இவளுக்குப் பதினாறு, தங்கைக்கு ஆறு. தலை வாரிவிட்டது, பள்ளிக்கு அனுப்பியது, கட்டிக் கொடுத்தது எல்லாம் இவள்தான். கட்டியவன் இரண்டு பிள்ளைகளோடு தங்கையை விட்டுவிட்டுப் போனபோது, “என் பொறுப்பு சார்” என்று செயலாளரிடம் நின்று அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் இவள்தான்.

கண்ணில் புரை விழுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது இரண்டு வாரம் படுக்க வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றும் வேலையைத் தங்கையிடம் விட்டாள். வேறு யாரிடம் விடுவாள்?

திரும்பி வந்த அன்று காலை முதல் மாடியிலேயே கால் நின்றுவிட்டது. தட்டில் மணல் இல்லை. கலங்கிய தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. இரண்டாவது மாடியிலும் அப்படித்தான்.

“என்னடி இது?”

துடைப்பத்தோடு நின்ற தங்கை தலை குனிந்தாள். “கூட்டும்போது மணல் சிதறுதுன்னு ஆறாவது மாடியம்மா கத்துனாங்க. பின்பக்கம் கொட்டிட்டேன். சொல்லலாம்னுதான் இருந்தேன்க்கா.”

திட்டக்கூட நேரம் இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டு குழந்தைகள் காய்ச்சலில் கிடந்ததால் சுகாதார ஆய்வாளர் வந்துவிட்டார். கூடவே செயலாளர், அவருக்குப் பின்னால் பாதிக் கட்டடம். ஆய்வாளர் ஒரு தட்டை எடுத்துச் சாய்த்துக் காட்டினார்.

“செடி யார் பொறுப்பு?”

“நான்தான் சார்” என்றாள்.

“தட்டுல மணல் போடணும்னு தெரியாதா?”

“போட்டிருந்தேன் சார். எல்லாத்துலயும் போட்டிருந்தேன்.” சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏதோ தெரியாமல் செய்துவிட்டாள் என்று மன்னிப்புக் கேட்டு, இருவருமாகச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள்.

செயலாளரும் திரும்பினார். “தினம் கூட்டுறவ நீதானே? மணல் இருந்துச்சா?”

“இல்ல சார். அக்கா எப்பவுமே மணல் போட்டதில்ல. நான் பாத்ததே இல்ல.”

வாய் கூசாமல் சொன்னாள், தடுமாறக்கூட இல்லை. அறுவை செய்த கண்ணில் நீர் கட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கட்டியது. தங்கையின் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பின்பக்கத்து மணல் குவியலைக் காட்ட எத்தனை நேரம் ஆகும்? காட்டினால் தங்கை பிள்ளைகளின் சோறு போகும். அவள் வாயை மூடிக்கொண்டாள். “இவளாலதான் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்” என்று யாரோ சொன்னார்கள். தினமும் அவள் தந்த இலையை மோந்த ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நாளையிலருந்து வராதே” என்றார் செயலாளர்.

காய்ச்சல் இறங்கி, குழந்தைகள் விளையாடத் தொடங்கிவிட்டார்கள் என்று பால்காரர் சொல்லித் தெரிந்தது. அவள் பெயர் மட்டும் எழுந்திருக்கவில்லை. வேறு இரண்டு கட்டடங்களில் வேலை கேட்டாள். “ஓ, அந்தப் புழுக்காரம்மாவா?” என்றார்கள்.

எட்டாம் நாள் தங்கை வீட்டுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நம்பி, அவள் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்த ஆசையை நினைத்தால் இன்றும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வருகிறது.

“செடி வேலையையும் என்னையே பாக்கச் சொல்லிட்டாங்கக்கா. எலுமிச்சைப் புல்லு நுனி காயுது. எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி விடணும்?”

அவள் சொன்னாள். எதற்கு எவ்வளவு வெயில், எதை எப்போது கத்தரிக்க வேண்டும், எதை வேர் பிரித்து நட வேண்டும் என்று ஒன்றையும் விடாமல் நிதானமாகச் சொன்னாள். தங்கையின் முகம் தெளிந்தது.

“எனக்குத் தெரியும்க்கா, உனக்கு என்மேல கோபம் இருக்காதுன்னு.”

“செடியைப் பத்தி யார் வந்து கேட்டாலும் சொல்லுவேன்” என்றாள் அவள், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே. “நீங்க கிளம்புங்க.”

தங்கை பிறந்ததிலிருந்து ‘டீ’ போட்டுத்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். தங்கைக்கு அந்த ‘நீங்க’ வாசற்படி தாண்டிய பிறகுதான் உறைத்தது. திரும்பி “அக்கா” என்றாள். கதவு சாத்தியிருந்தது.