ஒரு நாள் ஓம், ஒரு நாள் இல்லை: முடிவெடுக்கக் கண்டக்குழி போன கதை

கற்பிட்டிக் கடற்கரையில் இருக்கும் கண்டக்குழிக்கு ஆட்கள் டொல்பின் பார்க்கப் போவார்கள், காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கப் போவார்கள். நானும் என் கணவர் யூட்டும் போனது வேறு விஷயத்துக்கு. திங்கட்கிழமை காலை ஒரு கன்னியர் இல்லத்துக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே வளரும் நாலு வயதுச் சிறுமியை எங்கள் மகளாக எடுக்கிறோமா, இல்லையா என்ற பதில். அவளை இரண்டு முறை போய்ப் பார்த்திருந்தோம். அவள் எங்களோடு ஒரு வார்த்தைகூடக் கதைக்கவில்லை, யூட்டின் கைக்கடிகாரத்தை மட்டும் தொட்டுப் பார்த்தாள்.

எனக்கு நாற்பத்தொன்று, அவருக்கு நாற்பத்தாறு. வைத்தியமெல்லாம் பார்த்து, அழுது முடித்து, இனி இப்படித்தான் என்று இருவரும் வசதியாக வாழப் பழகியிருந்த நேரத்தில் இந்தக் கேள்வி வந்தது. ஒரு மாதமாகக் கதைத்தும் ஒரு முடிவுக்கும் வரவில்லை. கடைசியில் எங்கள் பங்குத் தந்தையிடம் போனோம். இறைவிருப்பத்தைத் தெளிந்து தேர்வதைப் பற்றி ஒரு பிரசங்கம் வைப்பார் என்று பார்த்தால், அவர் எங்களுக்கு வீட்டுப்பாடம் தந்தார்.

"யோசிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு எங்கையாவது போங்கோ. முதல் நாள் முழுக்க 'ஓம்' எண்டு முடிவெடுத்த ஆக்களா இருங்கோ. அடுத்த நாள் முழுக்க 'இல்லை' எண்டு முடிவெடுத்த ஆக்களா இருங்கோ. பின்னேரத்தில கால்மணித்தியாலம் ஆண்டவரோட இருந்து அந்த நாளைத் திருப்பிப் பாருங்கோ. ரெண்டு நாளும் முடியிற வரைக்கும் மனசில என்ன வந்ததெண்டு ஒருத்தருக்கொருத்தர் சொல்லக் கூடாது."

எனக்கு இந்த மாதிரித் தெளிவான கட்டளைகள் பிடிக்கும். பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா வந்தது, சனி ஞாயிறோடு மூன்று நாள் விடுமுறை. யுத்தம் முடிந்து சில வருடங்கள்தான். கற்பிட்டிப் பக்கம் கபானா என்ற குடில் விடுதிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. கீழே தந்திருப்பது அன்றைய விலைகள், இப்போது கட்டாயம் கூடியிருக்கும்.

வெள்ளி காலை 5.40க்கு வத்தளையில் புத்தளம் பஸ். பாலாவிச் சந்தி வரை ஆளுக்கு 180 ரூபாய், ஏறத்தாழ 120 கிலோமீற்றர், மூன்றரை மணித்தியாலம். இது 'ஓம்' நாள். மகளை எடுப்பதென்று முடிவு செய்துவிட்ட பெண் நான். மனது பஞ்சுபோல இருக்கும் என்று நினைத்துப் புறப்பட்டேன். சிலாபம் தாண்டுவதற்குள் எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. இந்த நெரிசலில் பிள்ளையை எங்கே இருத்துவது? வாந்தி எடுத்தால்? மதுரங்குளியில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது நான் தேத்தண்ணி குடிக்கவில்லை, கழிப்பறை எப்படி என்று பார்க்கப் போனேன். (சுத்தம். தண்ணீர் வருகிறது. கதவுக் கொண்டி மட்டும் சின்னக் கைக்கு எட்டாது.) பாலாவியில் கற்பிட்டி பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றோம், நிழல் இல்லை. எனக்கு வந்த கோபம் முழுவதும் யூட்டின் தலையில் விழுந்தது.

கண்டக்குழிச் சந்தியில் இறங்கியதும் ஓட்டோ ஒன்று பிடித்தோம். ஓட்டியவர் றியாஸ் நானா, எங்கள் வயதுதான் இருக்கும். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்த குடும்பம். கடற்கரைக் கபானாவுக்கு 200 ரூபாய் பேசி ஏறினோம். இலங்கையில் ஒரு கணவனும் மனைவியும் ஓட்டோவில் ஏறினால் அடுத்த கேள்வி என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

"எத்தன புள்ளயள்?"

நானும் யூட்டும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இன்றைக்கு நாங்கள் முடிவெடுத்த ஆட்கள் அல்லவா? "ஒரு மகள்," என்றேன். "நாலு வயசு."

"கூட்டிட்டு வரல்லயா?"

"இப்ப சிஸ்டர்மாரோட நிக்கிறா," என்றார் யூட். அது பொய்யில்லை.

பின்னேரம் கடற்கரையில் படகு ஒன்றின் ஓரமாக இருந்து செபித்தோம். அன்றைய நாளைத் திருப்பிப் பார்த்தால் ஒரே பயம், எரிச்சல், சண்டை. இதிலே ஆண்டவர் எங்கே இருந்தார் என்று கேட்டால் எனக்கே சிரிப்பு வந்தது. கூடவே இல்லாத ஒரு பிள்ளைக்காக ஊர் முழுக்கக் கழிப்பறை பார்த்துத் திரிந்திருக்கிறேன். அப்படியானால் பதில் 'இல்லை'தான் என்று மனதுக்குள் தீர்த்துவிட்டுப் படுத்தேன்.

சனி 'இல்லை' நாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், எல்லாமே சுகமாக இருந்தது. நிம்மதியான நித்திரை, சூடான பாணும் சம்பலும். றியாஸ் நானா ஒழுங்கு செய்த படகு ஏழு மணிக்கு. படகுக்கு எட்டாயிரம், இன்னொரு சோடியோடு பாதி பாதி. எங்கள் அதிர்ஷ்டம், நூற்றுக்கு மேற்பட்ட டொல்பின்கள். இப்படி நினைத்த நேரம் எழும்பி வர இரண்டு பேரால்தான் முடியும், இதுதான் நிம்மதி என்று எண்ணிக்கொண்டேன்.

கரைக்கு வந்தபோது றியாஸ் நானா வாழையிலையில் சுற்றிய இனிப்புப் பொதி ஒன்றோடு நின்றார்.

"எங்கட ஊட்ல செஞ்ச தொதல். மகளுக்குக் குடுங்க, சேர். புள்ள தனியா நிக்கிறா எண்டு சொன்னதும் எங்கட ஆள் நேத்தே கிண்டத் தொடங்கிட்டா."

யூட் இரண்டு கையாலும் வாங்கி, "கட்டாயம் குடுக்கிறன்," என்றார்.

நானா போனதும் எனக்கு வந்தது கோபம். ஆண்களிடம் ஒரு நாளைக்கு ஒரு விதியைக் காப்பாற்றச் சொன்னால் முடியாது. "இஞ்சேருங்கோ, இண்டைக்கு எங்களுக்குப் பிள்ளை இல்லை. மறந்திட்டீங்களோ?" என்றேன்.

அவர் "ஓம்" என்று மட்டும் சொல்லிப் பொதியைப் பைக்குள் வைத்தார். நான் சொன்ன வசனம் என் காதிலேயே விழுந்துகொண்டிருந்தது. வைத்தியர் சொன்னபோதுகூட அது இப்படி வலித்ததில்லை. அப்போது இல்லாதது ஏதோ ஒரு பிள்ளை. இப்போது இல்லையென்று நான் சொன்னது ஒரு முகமுள்ள பிள்ளையை.

அன்று பின்னேரம் அதே இடத்தில் இருந்தோம். நாளைத் திருப்பிப் பார்த்தால் டொல்பின்கள்கூட ஒழுங்காக ஞாபகம் வரவில்லை. சாப்பாடு, நித்திரை, கடல் எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிஞ்சியது அந்த வசனமும் அந்தப் பொதியும்தான். ஆனால் வெள்ளிக்கிழமையில் ஒவ்வொரு மணித்தியாலமும் அப்படியே நின்றது. பயந்தேன், ஆனால் பயந்த இடமெல்லாம் ஒரு வழியும் தேடியிருக்கிறேன். என் வசதியை நான் நிம்மதி என்று நினைத்திருக்கிறேன். ஆண்டவரே, இதைக் காட்டத்தான் என்னைக் கழிப்பறை பார்க்க அனுப்பினீரா என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் அழுதேன்.

ஞாயிறு காலை ஏழு மணிப் பூசை, கரையோரச் சின்னக் கோயிலில். முடிந்து வெளியே மணலில் நின்றபோதுதான் கதைக்க அனுமதி.

"நீர் முதல் சொல்லும்," என்றார் யூட்.

"ஓம்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் நேற்று முழுக்க 'இல்லை' எண்டு இருக்கப் பார்த்தனான். என்னால ஏலாமப் போச்சு."

சந்திக்குத் திரும்பும்போது றியாஸ் நானாவிடம் நான் உள்ளதைச் சொன்னேன். அவர் ஓட்டோவை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "அப்ப என்னத்துக்கு மகள் எண்டு சொன்னீங்க?" என்று கேட்டார், கொஞ்சம் மனம் நொந்தவராக. நடந்ததை விளக்கினோம். பிறகு மீண்டும் ஓட்டோவை எடுத்தார். இறங்கும்போது, "தொதல் பத்து நாளைக்குக் கெடாது. அதுக்குள்ள குடுத்துருங்க," என்றார். காசு வாங்க மறுத்தவரிடம் வற்புறுத்தித்தான் கொடுத்தோம்.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். டொல்பினுக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்லது, காலை எட்டுக்குப் பிறகு காற்று எழும்பிவிடும். கபானா இருவருக்குக் காலைச் சாப்பாட்டோடு 3,500. பாலாவியில் நிற்கும்போது குடையும் தண்ணீரும் கையில் வேண்டும். சின்னப் பிள்ளையோடு போனால் பால் பக்கற்றைப் பாலாவியிலேயே வாங்கிவிடுங்கள், உள்ளே கடைகள் குறைவு. செபத்துக்கு வந்தால், ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு ஆண்டவரிடம் கையொப்பம் வாங்கப் போகாதீர்கள். பயம் வந்தவுடன் அது பிழையான வழி என்று தீர்க்காதீர்கள், இரண்டு நாளையும் முழுதாக வாழ்ந்து பாருங்கள். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு அழைத்தேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தத்தெடுப்பு வழக்கு, விசாரணை, காகிதங்கள் எல்லாவற்றுக்கும் தயார் என்று தெளிவாகச் சொல்வதாக எண்ணம். சிஸ்டர், "என்ன, யோசிச்சீங்களா?" என்று கேட்டதும் "ஓம் சிஸ்டர்" என்றேன். மனப்பாடம் செய்த மிச்சத்தைத் தொடங்கும் முன்பே யூட் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினார்.

"சிஸ்டர், ஒரு விஷயம் கேக்க வேணும். பிள்ளை லைற் எரிஞ்சால்தான் நித்திரை கொள்ளுவாவோ, இருட்டிலையோ?"