காயம் இல்லை, காவடி

மாசி மகம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை காலையில் சின்னத்தம்பி மாமா ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறினார். குடல் புற்றுநோய்க்கு ஆப்பரேஷன் செய்யச் சம்மதம் கேட்டு நீட்டிய பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேராக என் காருக்கு வந்தார்.

"வீட்டுக்கு வுடு பிள்ள. நம்பரு சரியில்லலா."

மாமா எங்கள் ஊரான டுரியான் துங்காலில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். நானும் அந்த வேனில் போய்ப் படித்தவள்தான். எழுந்திருக்காத பிள்ளைகளுக்கு ஹார்ன் அடிக்க மாட்டார். ஜன்னலடியில் நின்று பாடுவார். அந்தக் குரலைத் தாங்க முடியாமலேயே ஓடி வந்து ஏறுவோம். பல தேசம் சுற்றிவிட்டு, மாசி மகத்துக்கு மறுநாள்தான் நான் ஊர் திரும்பியிருந்தேன். வீட்டில் கால் தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் வேண்டும் என்று மாமா கேட்டதும் சாவியோடு நின்றேன்.

டாக்டர் ஃபாஹிமா அந்த நம்பரை விளக்கியபோது பக்கத்தில்தான் இருந்தேன். ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் பெருகும். இன்னொரு வகை புற்றுநோயோடு மல்லுக்கட்டும். முதல் வகை இரண்டாவதைவிட எத்தனை மடங்கு என்று கணக்குப் பார்ப்பார்கள். அது மிகவும் கூடியிருந்தால், ஆப்பரேஷனுக்குப் பிறகும் நெடுநாள் தாக்குப்பிடிப்பவர்கள் குறைவு. மாமாவுக்குக் கூடியிருந்தது.

"காய்ச்சல், காயம், புண்ணு ஏதாவது இருக்கா மாமா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"இது ஒரு கணிப்புதான், உங்க தலையெழுத்து இல்ல. எப்படி இருந்தாலும் ஆப்பரேஷன் செஞ்சே ஆகணும்."

கடைசி வார்த்தைகள் மாமாவின் காதில் ஏறவே இல்லை.

"போகப்போற ஆளுக்கு வயித்த ஏன் அறுக்கணும்?" என்றார் காரில். "இருக்குற வரைக்கும் வேன் ஓட்டிட்டுப் போறேன்."

பின்சீட்டில் மாமாவின் மனைவி ஜானகி அத்தை மூக்கை உறிஞ்சினார். "ஊர்ப்பிள்ளைங்கள எல்லாம் கொண்டுபோய் வுட ஆளு இருக்கு. என்னை யாரு கொண்டுபோய் வுடறது?"

பாயா ரும்புட் சிக்னலில் முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, நானும் பிரேக்கை மிதித்தேன். மாமாவின் முதுகு சீட்டில் மோதியது. "அம்மா!" என்று அலறினார். அப்போதுதான் கவனித்தேன்: அவர் வழி முழுக்கச் சாயாமல் விறைப்பாகவே உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"முதுகுல என்ன மாமா?"

"மாசி மகத்துக்குக் காவடிக் கொக்கி போட்ட இடம். ஒண்ணு ரெண்டு பழுத்திருக்கு, அவ்ளோதான்."

"இந்த உடம்போடயா காவடி எடுத்தீங்க?"

"இந்த உடம்புக்காகத்தானே எடுத்தேன்!"

எனக்குப் பொறி தட்டியது. சியாங் மாயில் நான் குத்திக்கொண்ட பச்சை சீழ்பிடித்து, கிளினிக்கில் ரத்தம் எடுத்தபோது எகிறியிருந்தவை அதே முதல் வகை அணுக்கள்தான்! பச்சை விளக்கு விழுந்ததும் வண்டியை ஆஸ்பத்திரிக்கே திருப்பினேன். பின்னால் ஹார்ன் மழை.

"ஏ பிள்ள, வீடு அந்தப் பக்கம்லா!"

"வாய மூடிட்டு வாங்க மாமா!"

டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகில் இரண்டு வரிசையாகத் துளைகள். சிலவற்றைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது.

"காயம் இருக்கான்னு கேட்டேனே மாமா?"

மாமா உண்மையாகவே குழம்பிப்போனார். "இது காயம் இல்லம்மா. காவடி."

அவர் பொய் சொல்லவில்லை. முருகனுக்குப் போட்ட கொக்கியைக் காயம் என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. திருநீறு வைத்தால் அதோடு முடிந்தது. டாக்டர் சிரித்தே விட்டார்.

"நம்பர் இதனாலயும் ஏறியிருக்கலாம். புண்ணு ஆறட்டும், திரும்பப் பாப்போம். ஆனா எறங்கினாலும் கேன்சர் அங்கயேதான் இருக்கும். ஓடக்கூடாது."

"எறங்கட்டும், ஓட மாட்டேன்" என்றார் மாமா.

மாத்திரைகள் முடிந்து, முதுகு காய்ந்து, மறுபடி ரத்தம் கொடுத்தார். முடிவு சொல்ல டாக்டர் வாயைத் திறக்கும் வரை அத்தை என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா எறங்கியிருக்கு மாமா."

நான் கத்திய கத்தலில் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார். மாமா தானாகவே பேனாவைத் தேடி எடுத்தார். "அறுங்கம்மா. பள்ளிக்கூட லீவு முடியறதுக்குள்ள வேன எடுக்கணும்."

ஆப்பரேஷன் முடிந்து அவர் வீடு வந்த வாரமே நான் மறுபடியும் பையைத் தூக்கினேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்றாவது மாசி மகத்தன்று, ஜார்ஜியாவில் ஒரு மலைப்பாதையில் பஸ் ஏறிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மாமாவின் தலையில் பால்குடம், கொக்கி இல்லாத வெற்று முதுகு மழமழவென்றிருந்தது. கீழே மாமா எழுதியிருந்தார்:

"இந்த வருஷமும் பால்குடம்தான் பிள்ள. திங்கக்கிழமை பிளட் டெஸ்ட். டாக்டரம்மா காயம் இருக்கான்னு கேட்டா, முதுக காட்டிட்டே இல்லன்னு சொல்லுவேன்லா. நீ எப்ப வர்ற? உன் அத்தை கேக்கறா."