பந்தயம் நின்றது, ஷெட் மூடவில்லை

கார் பந்தய விளையாட்டு தயாரிப்பதைவிட, அதற்கு எப்போது முழுக்குப் போடுவது என்று முடிவு செய்வதுதான் பெரும்பாடு. இதில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும்.

வேகத்தடை

ஆரணியில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து நானும் கூட்டாளி கோபியும் செய்த மொபைல் விளையாட்டு அது. பந்தயப் பாதை, நிஜமான ஆரணி – களம்பூர் சாலை. அங்கேதான் சனியனை விலைக்கு வாங்கினோம். சாலையில் எது மாறினாலும் போன் வரும். களம்பூர் லாரி டிரைவர் ஒருவர் விடாமல் கூப்பிட்டார்.

"ரைஸ் மில்லாண்ட வேகத்தடை போட்டு ஒரு மாசம் ஆவுது சார், உங்க கேம்ல இன்னும் பறந்துகினு போறானுங்க!"

கடைசி வாரம்

கேட்டதையெல்லாம் சேர்த்தோம். வேகத்தடை, பள்ளம், குறுக்கே காயவைத்த நெல். விளையாட்டு அசல் சாலையாகவே மாறியது. விளைவு, ஒரு வாரமாக ஒரு பந்தயம்கூட நடக்கவில்லை. ஆனால் தினமும் இருபது பேர் உள்ளே வருகிறார்கள். காருக்கு வண்ணம் பூசும் ஷெட்டில் அரைமணி நேரம் நிற்கிறார்கள், போய்விடுகிறார்கள். மாதக் கடைசியோடு நிறுத்துகிறோம் என்று அறிவித்தோம். கோபிக்கு ஏக சந்தோஷம்.

"ஒருத்தனும் ஓட்டாத வண்டிக்கு நாம ஏன்டா பெட்ரோல் ஊத்திகினு இருக்கணும்?"

வசந்தி அக்கா

மறுநாள் காலையிலேயே பட்டுச்சேலை டிசைன் போடும் வசந்தி அக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கையில் போன், கண்ணில் தண்ணீர். போனில் எங்கள் கார். மேலே மாம்பழ மஞ்சள், கீழ்ப்பட்டை அரக்கு, முன்பக்க பானெட் மயில்கழுத்து நிறம்.

"இது உடம்பு, இது பார்டர், இது முந்தி. கல்யாணப் பார்ட்டிக்கு இதைக் காட்டித்தான் கலர் முடிவு பண்றேன் தம்பி. எல்லா சேர்மானமும் இதுக்குள்ளதான் கீது. நீங்க மூடிட்டா தை முகூர்த்தத்துக்கு நான் எதை நெய்யச் சொல்றது?"

அந்த இருபது பேரும் இவரைப் பார்த்துப் பழகிய சேலைக்காரர்களாம். எஞ்சின் உறுமலுக்கே ஆறு மாதம் உயிரை விட்டவன் நான். வயிற்றெரிச்சல் தாங்காமல், "ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"ஐய, ஓட்னா இடிச்சு கீறல் வுழுது தம்பி, அப்புறம் பார்டர் எடுப்பா தெரியாது!"

சாலை காலி

அந்த முகத்தைப் பார்த்த பிறகு மூட மனம் வரவில்லை. பாதையை மட்டும் எடுத்துவிட்டு ஷெட்டை விட்டுவைத்தோம். எதிர்பார்த்தபடியே களம்பூரிலிருந்து போன் வந்தது. ரோட்டைக் காணோமே என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, டிரைவர் குரலைத் தாழ்த்தினார்.

"அது கெடக்கட்டும் சார், எங்க வீட்ல பச்சைக்கு எந்த பார்டர் எடுக்கும்னு கேக்கறாங்க, கொஞ்சம் ஜல்தியா பாத்து சொல்லுங்க."

பந்தயம் நின்று மாதக்கணக்கில் ஆகிறது, சப்போர்ட்டுக்குத்தான் முகூர்த்த சீசனில் லீவே கிடையாது.