தோற்ற தலைவருக்கு ஒரு கோப்பி

போன செவ்வாய் ஒரு பெரிய மனிதர் தோற்றதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கையில் கோப்பிக் கேத்தலோடு!

ரொறன்ரோவில் ஒரு பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தின் நிர்வாக சபைக் கூட்டம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டு, கொழும்பு, பிராங்பேர்ட், மொன்றியல் என்று கோப்பை கழுவி அலைந்தவனுக்கு அங்கே என்ன வேலை? கோப்பி ஊற்றுவதுதான்.

செலவைக் குறைக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தை மூடலாம் என்றார் தலைவர். நம்மூரில் துணைவேந்தர் என்போமே, அந்தப் பதவி.

சபையில் மாணவர்களுக்கும் வாக்கு உண்டு. ஒருத்தி எழும்பினாள். நான் இருக்கும் மல்வேர்ன் பகுதியில் என் பக்கத்து வீட்டுத் துஷி! "எங்கள் வீட்டில் இருப்பது ஒரே மேசை. கிழமை நாட்களில் பின்னேரம் கடையில் வேலை. நான் படிப்பதே ஞாயிறுகளில்தான். நூலகத்தை மூடினால் எங்கே போவது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வாக்கெடுத்தார்கள். தலைவரின் யோசனை தோற்றது.

இடைவேளையில் அவளைப் பிடித்தேன்.

"பிள்ளை, ஓடிப்போய் மன்னிப்புக் கேளு. உன்ர படிப்பு உவரின்ர கையில எல்லே?"

"ஐயோ அங்கிள், பயப்படாதேங்கோ! இதுக்குத்தானே வோட் தந்திருக்கினம்."

தலைவர் நேராக எங்களிடமே வந்தார். கதை முடிந்தது என்று நினைத்தேன். அவரோ கோப்பியை வாங்கிக்கொண்டு, "சரி, நூலகம் திறந்திருக்கும். வேறு எதைக் குறைக்கலாம் என்று பார்க்கும் குழுவுக்கு நீயும் வா" என்றார்... சிரித்தபடி.

துஷியின் முகம் தொங்கிவிட்டது. "அங்கிள், இப்ப அந்த மீட்டிங்கும் என்ர தலையில!"

இந்தப் பல்கலைக்கழகத்துக்கு எப்படி இவ்வளவு பெயர்? எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் பல முதலாளிகளைக் கண்டவன். குறை சொன்னவனை வெளியே அனுப்பிய கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டதையும் கண்டவன். இங்கே குறை சொன்னவளை உள்ளே கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள்!

இங்கே இருக்கும் நம் ஊர்ச் சங்கத் தலைவரிடம் இதைச் சொன்னேன்.

"நல்ல விசயம்தான் தம்பி. ஆனா எங்கட சங்கத்துக்கு உது சரிவராது."

"ஒருக்கா வாக்கெடுத்துப் பாப்பமே, அண்ணை?"

"ஏன்? எல்லாரும் ஓம் எண்டிட்டினம்."

நேற்று ஞாயிறு. நூலகத்தில் ஜன்னலோரம் துஷி படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசை காலி. அதிலிருந்துதான் இதை எழுதி முடித்தேன் — எட்டாம் வகுப்புக்காரனை யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை.